20 பைட் பேக்கப்பும் தென்காசிக்கு ஒரு வெட்டி நடையும்

2023 டிசம்பர் வெள்ளத்தை நெல்லைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வண்ணார்பேட்டையில் நான் சர்வர் பார்த்துக்கொள்ளும் மருந்து மொத்தக் கடையில் இடுப்பளவு தண்ணீர். மேஜைக்கு அடியில் இருந்த சர்வரும், அதில் செருகியிருந்த பேக்கப் டிஸ்க்கும் ஒன்றாகவே முழுகின.

அண்ணாச்சி போனில் கேட்டது ஒன்றுதான். "தம்பி, பெட்டி போனா போவுது. கணக்கு இருக்குல்லா?"

"இருக்கு அண்ணாச்சி" என்று தெம்பாகச் சொன்னேன். டேட்டாபேஸ் நகல் தினமும் ராத்திரி என் லேப்டாப்புக்கும் வந்துகொண்டிருந்ததே! திறந்து பார்த்தேன். தேதிவாரியாக அழகாக வரிசையில் நின்றன. ஒவ்வொன்றும் 20 பைட்.

ஆகஸ்டில் டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றியவன் நகலெடுக்கும் ஸ்கிரிப்டில் மாற்ற மறந்திருக்கிறேன். அன்றிலிருந்து, டேட்டாபேஸை வெளியே எடுத்துத் தரும் மைஎஸ்க்யூஎல்டம்ப் வாசலிலேயே திரும்பியிருக்கிறது. பைப்புக்கு (ஒரு கட்டளை தருவதை அடுத்த கட்டளைக்குத் தள்ளும் குழாய்) அந்தப் பக்கம் நின்ற, கோப்பைச் சுருக்கும் ஜிஜிப், ஒன்றுமே வராததையும் சுருக்கி 20 பைட் கோப்பாக்கி வைத்திருக்கிறது. பைப்பின் கடைசி ஆள் ஜெயித்தால் எல்லாரும் ஜெயித்த மாதிரிதான் ஸ்கிரிப்டை ஓட்டும் பாஷ் கணக்குப் போடும். ஸ்கிரிப்டின் தலையில் 'செட் மைனஸ் ஓ பைப்ஃபெயில்' போடுங்கள், நடுவில் யார் தோற்றாலும் தோல்வி என்று சொல்லும். கோப்பு ஒரு எம்பிக்குக் குறைந்தால் மெயில் வரும்படியும் ஒரு வரி சேருங்கள்.

ஜூலையில் வேறெதற்கோ எடுத்த நகல் ஒன்று இருந்ததால் பிழைத்தோம். நவம்பர் வரைக்கும் பில் தொகைகளை ஜிஎஸ்டி தாக்கலிலிருந்து எடுத்தோம். ஆனால் மருந்தின் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் அதில் கிடையாது. ஈரம் காய்ந்த காகித பில்களைப் பார்த்து பொங்கல் வரை தட்டினோம்.

அதற்கப்புறம்தான் ஒழுங்கான மென்பொருள் தேடினேன். ஒரு டீலர் கொடுத்த கொட்டேஷனில் பத்து சர்வர் வைத்திருப்பவனுக்கான வசதியெல்லாம் இருந்தது. பேக்குலா என்ற பேக்கப் மென்பொருள் நல்லதுதான், ஒற்றை உபுண்டு சர்வருக்கு அது தேர் இழுக்கும் வடம். மிஞ்சியது போர்க், ரெஸ்டிக் என்ற பேக்கப் மென்பொருள்கள் இரண்டும். இரண்டுமே மாறிய துண்டுகளை மட்டும் அனுப்பும், பாஸ்வேர்டால் பூட்டி அனுப்பவும் செய்யும். போர்க்கின் சுருக்கும் திறன் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் நகல் போய்ச்சேரும் முனையிலும் எஸ்எஸ்ஹெச் (தூரத்துக் கம்ப்யூட்டருக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) வழியாகப் போக ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். அண்ணாச்சியின் தங்கை வீடு தென்காசியில், அதுவும் மாடியில். பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் துணிப்பையில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

மாட்டினேன், ரூட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வாசல்) திறந்தேன், வெளியிலிருந்து மட்டும் எட்டவே இல்லை. இரண்டு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் ரூட்டர் காட்டிய முகவரியைப் பார்த்தேன்: 100.64 என்று ஆரம்பித்தது. அதாவது இணைப்பு கொடுப்பவர் ஒரே வெளி முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டிருக்கிறார். வெளியே இருந்து யாரும் நேராக உள்ளே வர முடியாது. ஒரு போன் போட்டு வீட்டில் கேட்டிருந்தால் பஸ் காசு மிச்சம். நல்ல சொதி சாப்பாடு கிடைத்தது, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

சரி என்று, அந்த முனையில் கம்ப்யூட்டர் கேட்காத ரெஸ்டிக்குக்கு மாறி, இணையத்தில் கோப்பு வைக்கும் எஸ்3 வகை இடம் ஒன்றை மாத வாடகைக்கு எடுத்தேன். உபுண்டு 22.04இல் ஆப்ட் (மென்பொருள் நிறுவும் கட்டளை) தருவது ரெஸ்டிக்கின் பழைய பதிப்பு. தரவைச் சுருக்கும் வசதி 0.14இல்தான் வந்தது, ஆகவே புதியதை நேரடியாக இறக்கிக்கொள்ளுங்கள். நிறுவுவது ஐந்து நிமிட வேலை. முதல் ஏற்றத்தைப் பகலில் ஆரம்பித்தது என் புத்தி. பில் போடும் பையன்கள் கூச்சல் போட்டார்கள். 'லிமிட் அப்லோட்' என்று ஏற்றும் வேகத்துக்கு வரம்பு கொடுத்தால் சரியாகிவிடும், ஆனால் அதன் எண் நொடிக்கு இத்தனை கிபிபைட் (1024 பைட்) என்ற கணக்கில்: 8 எம்பிபிஎஸ் லைனுக்கு (இது பிட் கணக்கு, எட்டு பிட் ஒரு பைட்) 1000 கொடுத்தால் லைன் முழுக்கப் போய்விடும், 500 போதும். இன்னொன்று: குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் க்ரான்டாபில் தேதிக்கு சதவீதக் குறி போட்டால் அதற்கு முன்னால் பின்சாய்கோடு போடுங்கள். இல்லையென்றால் கட்டளை பாதியிலேயே அறுந்துவிடும். எனக்கு இரண்டு ராத்திரி போனது.

ரெஸ்டிக் பாஸ்வேர்ட் தொலைந்தால் தரவும் தொலைந்த மாதிரிதான், திறக்க வேறு வழியே இல்லை. அதனால் காகிதத்தில் எழுதி அண்ணாச்சியிடம் கொடுத்து, பத்திரம் என்று மூன்று தரம் சொன்னேன். அடுத்த வாரம் கேட்டால், கடை இரும்புப் பெட்டியின் அடித்தட்டில் வைத்திருக்கிறார். டிசம்பரில் முதலில் முழுகியதே அந்தத் தட்டுதான்! இப்போது ஒன்று பேங்க் லாக்கரில், ஒன்று தென்காசி மாடியில்.

போன மாதம் வேறொரு லேப்டாப்பில் மொத்தத்தையும் திரும்ப இறக்கி, அண்ணாச்சியைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். அவர் சும்மா விடவில்லை. தீபாவளிக்கு முந்தின நாள் அம்பாசமுத்திரம் பார்ட்டிக்குப் போட்ட பில்லைக் காட்டச் சொன்னார். பேட்ச் எண்ணோடு வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இந்த பார்ட்டி இன்னும் பணம் தரலலா?" என்றார்.