திரும்பி வந்த வளைவு

கிராஃபீன் என்ற ஓரணு தடிமனுள்ள கார்பன் தாளை அளக்கும் குளிர்காலப் பள்ளியின் செய்முறை வகுப்பில் ஒரு மாணவி என்னிடம் கேட்டது:

“சார், கேட் வோல்டேஜை ஏத்திட்டுப் போறப்போ தடையின் உச்சி 12 வோல்ட்ல வருது. இறக்கிட்டு வர்றப்போ 27-ல வருது. ஸ்லைடுல எதைப் போடறது?”

“போறதைப் போடுங்க. திசையும் வேகமும் கீழே எழுதிடுங்க.”

“அப்போ வர்றது?”

“கைவசம் வச்சுக்கோங்க. யாராவது கேட்டா காட்டலாம்.”

யாரும் கேட்கவில்லை. அந்தப் பதில் சரிதானா என்பது மட்டும் இன்னும் உறுத்துகிறது.

பயிற்சியின் நோக்கம் தொடுமின்தடை. 300 நானோமீட்டர் சிலிக்கான் டை ஆக்சைடின் மேல் ஒற்றை அடுக்கு கிராஃபீன். ஆக்சைடுக்கு அடியில் இருக்கும் மின்முனைதான் கேட்; அதன் வோல்டேஜை மாற்றினால் கிராஃபீனின் தடை ஏறி, ஓர் உச்சியைத் தொட்டு இறங்கும். மின்னோட்டம் செலுத்தும் முனைகளிலேயே வோல்டேஜையும் அளந்தால், உலோகம் கிராஃபீனைத் தொடும் இடத்தின் தடையும் கணக்கில் ஏறிவிடும். வளைவு மழுங்கும், மொபிலிட்டி (மின்னூட்டம் எவ்வளவு எளிதாக நகர்கிறது என்ற அளவு) குறைவாகத் தெரியும். உள்ளே இருக்கும் இரு முனைகளில் தனியாக அளந்தால் அந்தத் தொல்லை இல்லை. வோல்ட்மீட்டர் வழியே மின்னோட்டம் ஏறக்குறைய போவதே இல்லையே. அந்த மாணவியின் சாம்பிளில் இரண்டு முனையில் 1,900 என்று வந்த மொபிலிட்டி நான்கு முனையில் 3,100 ஆயிற்று. இதைக் காட்ட, ஒரே திசையில் எடுத்த இரண்டு அளவீடுகளை ஒப்பிட்டால் போதும். பேச எட்டு நிமிடம்தான். ஹிஸ்டெரிசிஸை, அதாவது போகும் வளைவும் வரும் வளைவும் ஒன்றாகாத இந்தப் பிளவை, இழுத்தால் மின்னூட்டத்தைப் பிடித்துவைக்கும் பொறிகள், ஈரம், கழுவிப் போகாத பிஎம்எம்ஏ பிளாஸ்டிக் என்று பேச்சு எங்கேயோ போயிருக்கும். அந்த அளவில் பதிலில் பழுது சொல்ல முடியாது.

ஆனால் கணக்கு வேறு சொல்கிறது. இந்தத் தடிமன் ஆக்சைடில் ஒரு வோல்ட் கேட், சதுர சென்டிமீட்டருக்கு 7.2 × 10¹⁰ மின்னூட்ட ஊர்திகளைக் கொண்டுவரும். உச்சி 12 வோல்ட்டில் இருந்ததால், தானாக வந்த டோப்பிங் (கேட் இல்லாமலே சேர்ந்த மின்னூட்டம்) 8.6 × 10¹¹ என்று ஸ்லைடில் போனது. இரு உச்சிகளுக்கும் நடுவே 15 வோல்ட், அதாவது 1.1 × 10¹². காட்டாமல் விட்டது காட்டியதைவிடப் பெரிது.

அந்த 15 வோல்ட் எங்கிருந்து வந்தது? கேட் நேர்மின்பக்கம் ஏறும்போது எலக்ட்ரான்கள் ஆக்சைடின் மேற்பரப்பிலும் அங்கே ஒட்டியிருக்கும் நீர் மூலக்கூறுகள் பக்கத்திலும் மாட்டிக்கொள்கின்றன. திரும்பும்போது உடனே வெளியே வருவதில்லை. அவை கேட்டை மறைப்பதால் உச்சி வலப்பக்கம் தள்ளிப்போகிறது. மொபிலிட்டி சூத்திரமோ, கேட் தரும் மின்னூட்டம் முழுக்க கிராஃபீனுக்கே போகிறது என்று எடுத்துக்கொள்கிறது. பாதி வழியில் பொறி பிடுங்கிக்கொண்டால் அந்த 3,100-உம் ஆட்டம் காணும். தொடுமின்தடையை நீக்கியதால் சரியான எண் கிடைத்துவிட்டது என்று மாணவர்கள் நம்பியிருந்தால், அந்த நம்பிக்கைக்கு ஸ்லைடும் உடந்தை.

இருந்தாலும், இரண்டு முனைக்கும் நான்கு முனைக்கும் உள்ள வித்தியாசம் பொய்யில்லை. வெற்றிடத்தில் 150 டிகிரியில் சில மணி நேரம் சூடாக்கி, வெளியே எடுக்காமல் அங்கேயே அளந்திருந்தால் பிளவு பெரிதும் சுருங்கியிருக்கும். ஆனால் வகுப்பு மேசையில் இருந்தது, ஊசிமுனைகளை வைத்து அளக்கும், காற்றுக்குத் திறந்த ப்ரோப் ஸ்டேஷன். கேட்டை ±40-க்குப் பதில் ±20-க்குள் ஓட்டியிருக்கலாம், அதற்கும் பலன் உண்டு. வேகமாக ஓட்டினாலும் பிளவு குறையும். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்: பொறிகள் ஒழிந்துவிடவில்லை, நிரம்ப நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். வேகத்தை எழுதச் சொன்னது அதனால்தான். கீழே சின்ன எழுத்தில் இருந்த அந்த வரியை யார் படித்தார்கள் என்பது வேறு விஷயம்.

இன்னொன்றும் உண்டு. கையேட்டில் ஒரு திசைதான் கேட்டிருந்தது. யாரும் சொல்லாமல் இரண்டு பக்கமும் எடுத்தவர் அந்த மாணவி ஒருவர்தான். அப்படிப்பட்டவரிடம் “ஒன்றைப் போடுங்கள்” என்றதை நேர நெருக்கடி என்று சொல்லித் தப்பலாம். அடுத்த லேபில் அவர் எத்தனை பக்கம் எடுப்பார் என்பதை அது தீர்க்காது. ஒருவேளை இரண்டையும் எடுத்து, ஒன்றை மட்டும் காட்டவும் பழகியிருப்பார். அதுவும் இந்தத் தொழிலில் தேவைப்படுகிற பழக்கம்தான் என்று ஒரு சமயம் தோன்றுகிறது, இன்னொரு சமயம் தோன்றவில்லை.

கையேட்டில் இப்போது “இரு திசையிலும் பதிவு செய்க” என்று சேர்த்தாயிற்று. முடிவு அட்டவணையில் மொபிலிட்டிக்கு இன்னும் ஒரே கட்டம்தான். இரண்டாக்கினால், எது உண்மையான எண் என்ற கேள்வி முதல் மணி நேரத்திலேயே வரும். அப்போது தொடுமின்தடைக்கு நேரம் இருக்காது.