பழைய பாப்-அப் கேம்பருக்கு ஏசி பொருத்திய கதை

2019ஆம் ஆண்டு மார்ச் மாதம், டெக்சாஸில் ஆஸ்டினுக்கு வடக்கே உள்ள ஜார்ஜ்டவுனில், ஒரு வீட்டின் பின்புறம் நின்றிருந்த 2004ஆம் ஆண்டுத் தயாரிப்பான பாப்-அப் கேம்பரை, அதாவது வேனின் பின்னால் இழுத்துச் செல்லும் மடக்கு முகாம் வண்டியை, 2,800 டாலருக்கு வாங்கினோம். அதுவரை நாங்கள் கூடாரம் அடித்துத் தரையில் படுப்பவர்களாகவே இருந்தோம். அந்தக் கோடையில் திருநெல்வேலியிலிருந்து அம்மா வந்து தங்குவதாக இருந்ததால், முழங்கால் வலியுள்ளவரைத் தரையில் படுக்கவைக்க முடியாது என்பதே இந்தத் தேடலுக்குக் காரணமாயிற்று.

சாலையில் இழுத்துச் செல்லும்போது இது நெஞ்சளவு உயரமுள்ள ஒரு பெட்டி, அவ்வளவுதான். போய்ச் சேர்ந்த இடத்தில் கைப்பிடியைச் சுழற்றினால் கூரை மேலே எழும்பும். முன்னும் பின்னும் இரண்டு படுக்கைகளை மேசை இழுப்பறையைப் போல வெளியே இழுத்துக்கொள்ளலாம். கூரைக்கும் பெட்டிக்கும் இடையில் கேன்வாஸ் துணியே சுவர். முழுநீள டிரெய்லரை இழுக்கப் பெரிய டிரக் வேண்டும். இதுவோ, சாமான்களை ஏற்றினாலும் சுமார் 2,300 பவுண்டுதான் வந்தது. எங்கள் சியன்னா வேனின் கையேடு 3,500 பவுண்டு வரை இழுக்கலாம் என்கிறது. அந்த இடைவெளி எனக்கு நிம்மதியளித்தது.

இதற்கு முன் மூன்று வண்டிகளைப் பார்த்து வேண்டாமென்று திரும்பியிருந்தோம். விளம்பரப் படங்களில் மூன்றுமே புதுமணப்பெண் போல இருந்தன. ஒன்றில் கூரை மூலையில் தேநீர் சிந்தியது போன்ற பழுப்புக் கறை இருந்தது. அதற்கு நேர் கீழே தரையை மிதித்தால் பிளைவுட் அமுங்கியது. மற்றொன்றில் கைப்பிடியைச் சுழற்றியபோது மூன்று மூலைகள் எழும்பின, நான்காவது நான்கு அங்குலம் பின்தங்கியது. மூன்றாவதில் கதவைத் திறந்ததுமே பூஞ்சை நாற்றம் வந்தது. அதற்கு மேல் எதையும் பார்க்கவில்லை. வாங்கிய வண்டியில், கூரையை முழுவதும் ஏற்றி இறக்கி மறுபடியும் ஏற்றச் சொன்னேன். உள்ளே நின்று, வெயில் அடிக்கும் பக்கத்துத் துணியில் ஊசித்துளை வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தேன். அடுப்பின் எரிவாயு இணைப்புகளில் சோப்பு நுரை தடவினேன், குமிழி எழவில்லை. டயர்கள் பார்வைக்குப் புதிதாக இருந்தாலும், பக்கவாட்டில் பொறித்திருந்த எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் 0811, அதாவது 2011ஆம் ஆண்டின் எட்டாவது வாரம். எட்டு வயதான டயரை டெக்சாஸ் நெடுஞ்சாலை வெயிலில் நம்ப முடியாது என்று சொல்லி, விற்ற பெரியவரிடம் நூறு டாலர் குறைத்துத்தான் 2,800க்கு வந்து சேர்ந்தோம். அவர் டைட்டிலின் (வண்டியின் உரிமைப் பத்திரம்) பின்பக்கம் கையெழுத்திட்டுத் தர, மறுநாளே மாவட்ட வரி அலுவலகத்தில் உரிமையை என் பெயருக்கு மாற்றும் 130-யு படிவத்துடன் கொடுத்து, 6.25 சதவீத வரியாக 175 டாலரும் அதற்கு மேல் பதிவுக் கட்டணமும் கட்டினேன். கையில் டைட்டில் இல்லாமல் விற்பவர்கள் என்ன விலை சொன்னாலும் அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை.

ஏசி என்ற பேச்சு மே மாதத்தில் எழுந்தது. பர்னெட் அருகிலுள்ள இங்க்ஸ் லேக் மாநிலப் பூங்காவில் ஜூலையில் மூன்று இரவுகளுக்கு மின்வசதியுள்ள இடத்தை முன்பதிவு செய்திருந்தோம். ஒத்திகையாக வீட்டு வாசலில் கேம்பரைத் திறந்து வைத்த ஒரு பிற்பகலில், வெளியே 93 டிகிரி பாரன்ஹீட் இருந்தபோது உள்ளே 102 காட்டியது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏலே, இதுக்குள்ள என்னைய அவிச்சு எடுக்கப் போறியா?" என்று கேட்டார்.

முதலில் மனம் போனது கூரை ஏசியின் பக்கம். கேம்பர்களின் கூரையில் காற்றுப்போக்கிக்காக விடும் 14 அங்குலச் சதுரத் திறப்பிலேயே அது உட்காரும், குளிரூட்டும் திறன் 13,500 பி.டி.யு., அதாவது ஒரு டன்னுக்குச் சற்று அதிகம். எங்கள் வண்டியிலும் அந்தத் திறப்பு இருந்தது, ஆனால் அதைச் சுற்றித் தாங்குசட்டம் இல்லை. அந்த ஏசி எண்பது பவுண்டுக்கும் மேல். பாப்-அப்பில் அந்த எடையைக் கூரை தாங்கினால் மட்டும் போதாது. கூரையைத் தூக்கும் கம்பியும் கப்பியும் ஒவ்வொரு முறையும் அதைச் சேர்த்துத் தூக்க வேண்டும். பதினைந்து வருடக் கம்பி அறுந்தால் பழுதுச் செலவு வண்டி விலையில் பாதியைத் தின்றுவிடும். எனவே கூரையைக் கைவிட்டு, 5,000 பி.டி.யு. ஜன்னல் ஏசி ஒன்றை வாங்கினேன். நம் ஊர்க் கணக்கில் அரை டன்னுக்கும் குறைவு. எடை நாற்பது பவுண்டு. ஓடும்போது ஏறத்தாழ 450 வாட்.

கேன்வாஸை வெட்டுவதில்லை என்பதில் மனைவி உறுதியாக இருந்தார். பின்பக்கப் படுக்கையின் துணி, கீழ்விளிம்பில் எலாஸ்டிக் கயிறுகளால் படுக்கைப் பலகையின் அடியில் மாட்டப்பட்டிருக்கும். இரண்டு கயிறுகளைக் கழற்றினால் ஒரு மூலையில் வேண்டிய அளவு இடைவெளி கிடைத்தது. அங்கே ஒரு பிளைவுட் பலகையை வைத்து, வெளியே நீண்ட பகுதிக்கு இரண்டு மரக்கால்களை முட்டுக்கொடுத்து, ஏசியின் முகம் உள்ளேயும் முதுகு வெளியேயும் இருக்கும்படி உட்காரவைத்தேன். சுற்றியிருந்த சந்துகளை வெல்க்ரோ தைத்த துணியால் மூடினேன். பார்க்க மிகவும் கச்சிதமாக இருந்தது. இருபது நிமிடங்களில் குளிர் குறைந்தது. இன்னும் பத்து நிமிடங்களில் கம்ப்ரசர் நின்றுவிட்டது.

கோளாறு ஏசியில் இல்லை, என் கச்சிதத்தில்தான் இருந்தது. ஜன்னல் ஏசியின் வெளிப்பாதி, பக்கவாட்டிலுள்ள கீற்றுகள் வழியாகக் காற்றை இழுத்து, பின்பக்கக் காயில் வழியாக வெப்பத்தோடு வெளியே தள்ளுகிறது. நான் இறுக்கிக் கட்டிய துணி அந்தக் கீற்றுகளையும் சேர்த்துப் போர்த்தியிருந்தது. ஏசியை ஆறு அங்குலம் வெளியே தள்ளி, கீற்றுகளுக்கு முன்னாலேயே துணி முடியும்படி வெல்க்ரோவைப் பிரித்துத் தைத்தோம். ஏசியின் முன்பக்கத்தை அப்படியே விட்டுப் பின்பக்கத்தைச் சற்றுத் தாழ்த்தியதும், மெத்தையை நனைத்துக்கொண்டிருந்த தண்ணீரும் வெளியே சொட்டத் தொடங்கியது.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, பூங்காவின் மின்கம்பத்தில் 30 ஆம்பியர் இணைப்போடு தனியாக 20 ஆம்பியர் பிளக்கும் இருந்தது. கேம்பருக்குள் இருக்கும் பிளக்குகள் எல்லாம் ஒரே 15 ஆம்பியர் பிரேக்கரில் தொங்குபவை; அதில் ஏசியையும் தோசைக்கல் அடுப்பையும் சேர்த்துப் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடும். எனவே ஏசிக்கு மட்டும் 12 கேஜ் தடிமனுள்ள எக்ஸ்டென்ஷன் வயரைக் கம்பத்திலிருந்து நேரே இழுத்தேன். வீட்டில் கிடந்த மெல்லிய வயரை வாசலில் சோதித்தபோது அரை மணி நேரத்தில் பிளக் கையில் சுட்டது.

இத்தனைக்குப் பிறகும் ஜூலை வெயிலில் அரை டன்னுக்குக் குறைந்த ஏசி, துணிச்சுவருக்கு எதிராகத் தனியாகப் போராட முடியாது. வெளியே 101 டிகிரி இருந்த முதல் பிற்பகல், உள்ளே 92க்குக் கீழே இறங்கவில்லை. இரண்டு படுக்கைகளின் மேலும் வெள்ளி நிறப் பிரதிபலிப்புத் தாள்களைப் போர்த்தி, மேற்குப் பக்கத்தில் ஒரு தார்ப்பாயைத் துணியைத் தொடாமல் ஓரடி தள்ளிக் கட்டிய மறுநாள், அதே நேரத்தில் 84 காட்டியது. அந்தத் தாள்களுக்கும் தார்ப்பாய்க்குமாகச் செலவானது அறுபது டாலருக்குள்தான். முதலில் அதைச் செய்துவிட்டுப் பிறகு ஏசியைப் பற்றி யோசித்திருக்க வேண்டும். சூரியன் விழுந்த பிறகு பிரச்சினையே இல்லை. இரவு பதினொரு மணிக்கு 72க்கு இறங்கியது. அம்மா போர்வை கேட்டார், மகன் தன் காலடியில் ஏசி இரைகிறது என்று முன்படுக்கைக்கு இடம் மாறினான்.

புறப்படும் நாளில் கேம்பரை மடிக்க நாற்பது நிமிடங்கள் ஆகின்றன. அதில் ஏசியைக் கழற்றப் பத்து நிமிடங்கள். அதை வேனில் நிமிர்த்தியபடியே வைத்து வருகிறோம், ஏனெனில் படுக்கவைத்தால் கம்ப்ரசர் எண்ணெய் குழாய்களுக்குள் ஓடிவிடும். துணி ஈரமாக இருந்தால் வீடு வந்த அன்றே கூரையை மறுபடி ஏற்றி, இரண்டு நாள் திறந்துபோட்டு உலர்த்துகிறோம்.