அனுமதி பாட்டுக்கல்ல, ஒலிபெருக்கிக்கு: திருகோணமலையில் கச்சேரி வைப்பதற்கான வழி

திருகோணமலையில் வெளியரங்கில் ஒரு மாலைக் கச்சேரி வைக்கிற இசைக்குழுக்கள் எல்லாம் ஒரே இடத்தில்தான் சறுக்குகின்றன. ஒத்திகைக்கு ஒரு மாதம் கொடுத்து, பொலிஸ் அனுமதிக்கு மூன்று நாள் மட்டும் விட்டுவைக்கின்றன. நாங்கள் மூன்று வாரத்துக்கு முன்பே தொடங்குகிறோம். அதற்குக் குறைந்தால் ஏதாவது ஒரு கடிதம் வந்து சேராது.

முதலில் விளங்கவேண்டியது, பொலிஸில் எடுப்பது பாட்டுக்கான அனுமதியல்ல, ஒலிபெருக்கிக்கான அனுமதி என்பது. 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 80ஆம் பிரிவு அதற்கு அடிப்படை. மதிலுக்குள் மைக் இல்லாமல் வயலினும் மிருதங்கமும் வைத்துப் பாடினால் அந்த அனுமதி தேவைப்படாது. தெருவில் மேளம் அடித்துக்கொண்டு போவது வேறு கதை. அங்கே மைக் இல்லாவிட்டாலும் பொலிஸிடம் கேட்கவேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் சின்ன வீட்டுக் கச்சேரியைக் கைவிட்டவர்கள் இருக்கிறார்கள். வருத்தமான விஷயம்.

நேரக் கட்டுப்பாடு வந்தது 2007 நவம்பரில். ஒரு வழிபாட்டுத் தலத்தின் ஒலிபெருக்கி பற்றித் தொடங்கிய வழக்கில், பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான உயர் நீதிமன்றம் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அனுமதி வழங்கக்கூடாது என்று பணித்தது. விசேட சமய நிகழ்வுகளுக்கும் வேறு விசேட நிகழ்வுகளுக்கும் விலக்கு உண்டு. அதற்குக் காரணம் காட்டவேண்டும். ஆகவே 11 மணி வரை கேட்பதானால் “தயவுசெய்து” என்று எழுதிப் பயனில்லை. என்ன நிகழ்வு, ஏன் 10 மணிக்குள் முடிக்க இயலாது, அயலவருக்கு இடைஞ்சல் வராமல் என்ன செய்திருக்கிறோம் என்ற மூன்றையும் கடிதத்தில் எழுதுங்கள். காலை 6 முதல் இரவு 10 வரைக்கும் குறித்த நேரம், குறித்த காரியம் என்றுதான் அனுமதி. சத்தம் அந்த வளவைத் தாண்டக்கூடாது என்பதும் நிபந்தனை. கடற்கரையில் வைக்கிற கச்சேரிக்கு மதில் எங்கே? எங்கள் மனக்குறை அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

கடிதம் எல்லைக்குரிய பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்குப் போகவேண்டும். அதோடு கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், காணி உரிமையாளரின் சம்மதக் கடிதம், பொறுப்பாளரின் அடையாள அட்டைப் பிரதி, இடத்தின் வரைபடம் ஆகியவற்றை இணைத்துவிடுங்கள். மைதானமோ கடற்கரையோ என்றால் உள்ளூராட்சி சபையின் கடிதமும் வேண்டும். நகர எல்லைக்குள் ஒரு சபை, வெளியே போனால் பட்டினமும் சூழலும் பிரதேச சபை. எந்தச் சபையின் எல்லை என்று கிராம உத்தியோகத்தரிடம் கேட்டுக்கொண்டு போங்கள். வரைபடத்தில் ஒலிபெருக்கிப் பெட்டிகள் எந்தத் திசை பார்க்கின்றன என்று அம்புக்குறி போடுவது நல்லது. எத்தனை பெட்டி, எத்தனை வாட்ஸ், ஜெனரேட்டர் எங்கே நிற்கும் என்பதையும் எழுதுங்கள்.

அதிகம் மறந்துபோவது சவுண்ட் செக். அனுமதியில் மாலை 6 முதல் 10 வரை என்று இருக்கும். பிற்பகல் 3 மணிக்கு “ஹலோ, மைக் டெஸ்டிங்” கேட்கும். முறைப்பாடு அந்த நேரத்தில்தான் போகிறது. ஆகவே சோதனை நேரத்தைத் தனி வரியாகக் கேட்டு வாங்குங்கள்.

விண்ணப்பத்தைத் தமிழில் கொடுக்கலாம். அரசியலமைப்பின்படி வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிர்வாக மொழி. ஒரு சிங்களப் பிரதியும் வைத்தால் கோப்பு வேகமாக நகரும். அது வசதிக்காக, கட்டாயம் அல்ல. கையளிக்கும்போது இரண்டாம் பிரதியில் திகதியும் கையொப்பமும் வாங்காமல் திரும்பவேண்டாம். பிறகு மேன்முறையீடு செய்ய நேர்ந்தால் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான்.

ரிக்கற் விற்பதானால் 1946ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் களியாட்ட வரிக் கட்டளைச் சட்டம் வரும். ரிக்கற்றுகளை விற்கமுதல் உள்ளூராட்சி சபைக்குக் கொண்டுபோய் முத்திரை இடுவித்து, விற்காததைத் திருப்பிக் காட்டவேண்டும். “அன்பளிப்பு அட்டை” என்று பெயர் மாற்றிவிட்டால் தப்பலாம் என்று நினைக்கவேண்டாம். காசு கொடுத்தால்தான் உள்ளே விடுவோம் என்றால் அதுவும் ரிக்கற்தான். மற்றவர்களின் பாட்டைப் பாடுவதற்கு பதிப்புரிமையைச் சொல்லும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் தனி.

இனிச் சத்தம். 1996ஆம் ஆண்டுச் சத்தக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளில் “இரவு” மாலை 6 மணிக்கே தொடங்கிவிடுகிறது. மாநகர, நகர சபை எல்லைக்குள் பகலில் 63 டெசிபல், இரவில் 50. பிரதேச சபை எல்லையில் 55, 45. வைத்தியசாலை, பாடசாலை, நீதிமன்றம், பொது நூலகம் இவற்றிலிருந்து 100 மீற்றருக்குள் 50, 45. கணக்கைப் பாருங்கள். பெட்டியிலிருந்து 4 மீற்றரில் 94 டெசிபல் என்பது மெல்லிசைக் குழு ஒன்றுக்கு அடக்கமான அளவு. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போது 6 டெசிபல் குறையும்: 8 மீற்றரில் 88, 16இல் 82, 32இல் 76, 64இல் 70, 128இல் 64. ஐம்பதுக்கு இறங்க 600 மீற்றருக்கு மேல் வேண்டும். இரண்டு கடலுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கிற இந்த நகரத்தில் 600 மீற்றருக்குள் வீடு, கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் வந்துவிடும். ஒழுங்குவிதியை எழுத்துக்கு எழுத்துப் பார்த்தால் மாலை 6 மணிக்குப் பிறகு மைக் வைத்த எந்த வெளியரங்கக் கச்சேரியும் பிழைதான்.

குறைக்க வழிகள் உண்டு. மேடைக்கு இரு பக்கமும் பெரிய பெட்டி அடுக்குவதைவிட, சின்னப் பெட்டி ஆறு எடுத்துப் பார்வையாளருக்கு நடுவே பரப்புங்கள். ஒவ்வொன்றும் பத்து மீற்றருக்குக் கேட்டால் போதும். பெட்டியைக் கம்பத்தில் உயர்த்தி முகத்தைக் கீழே சாயுங்கள். சப் பெட்டி (அடிச்சத்தத்துக்கான சப்வூஃபர்) எந்தத் திசை பார்த்தாலும் அடிச்சத்தம் சுற்றிவரப் பரவும். அதனால் ஒன்றோடு நிறுத்துங்கள். முறைப்பாடு வருவது பாட்டுக்கு அல்ல, சுவரை அதிரவைக்கும் அந்த அடிக்குத்தான். காற்றையும் கவனியுங்கள். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசுகிற மாதங்களில் சத்தம் கடலுக்குப் போகும். வாடை என்கிற வடகிழக்குக் காற்றில் அதே மேடை, அதே பெட்டி, ஆனால் ஊருக்குள் கேட்கும். கைத்தொலைபேசிச் செயலியின் அளவு ஆதாரமாகாது. இருந்தாலும் அயல் வீட்டு வாசலில் நின்று அரை மணிக்கு ஒருதரம் எழுதிவைத்த குறிப்பு, கதைக்கும்போது உதவும்.

நடுவில் பொலிஸ் வந்தால் மூல அனுமதிப் பத்திரத்தோடு ஒருவர் மட்டும் மிக்சருக்கு (ஒலிக்கலவைக் கருவிக்கு) பக்கத்தில் நின்று கதைக்கவேண்டும். பாடகர் மேடையிலிருந்து மைக்கில் பதில் சொல்லவே கூடாது. முதலில் சப்பை நிறுத்தி, பிறகு மொத்த அளவை இறக்குங்கள்.

இவ்வளவையும் செய்த பிறகும் மறுப்பு வரலாம். வாய்ச்சொல்லில் மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், தகவல் அதிகாரி 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அதிகாரியிடம் மேன்முறையீடு. ஒரு வருடத்தில் எத்தனை விண்ணப்பம், எத்தனை மறுப்பு, என்ன காரணம் என்று கேளுங்கள். மாற்றம் கேட்டுப் போகிறவனுக்கு இந்த எண்கள் இல்லாமல் வாயில் ஒன்றுமில்லை. அடிப்படை உரிமைப் பக்கமாகப் போவதானால் தனது பண்பாட்டை அனுபவிக்கவும் மேம்படுத்தவும் உள்ள சுதந்திரத்தைச் சொல்லும் அரசியலமைப்பின் 14(1)(ஊ) உறுப்புரை இருக்கிறது. உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மாதம்தான் அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது.

என்ன மாற்றம் கேட்பது என்பதற்கு இங்கிலாந்தின் அனுபவம் எங்களுக்கு நல்ல பாடம். அங்கே முன்பு மதுக்கடையில் இரண்டு பேர் வரை உரிமம் இல்லாமல் வாசிக்கலாம். 2003ஆம் ஆண்டு உரிமச் சட்டம் 2005 நவம்பரில் நடைமுறைக்கு வந்தபோது அந்தச் சலுகை போனது. தனி ஒருவரின் கிற்றாருக்கும் உரிமம் என்றானது. இசைக்கலைஞர்கள் வருடக்கணக்காகப் போராடி, 2012 ஒக்டோபர் 1 முதல் நேரடி இசைச் சட்டத்தைப் பெற்றார்கள். ஒலிபெருக்கி இல்லாத இசைக்கு காலை 8 முதல் இரவு 11 வரை உரிமம் வேண்டாம். மது விற்கும் உரிமம் உள்ள இடங்களில் 200 பேர் வரை ஒலிபெருக்கியோடும் வேண்டாம். 2015இல் அது 500 ஆனது. தொல்லை உறுதியானால் அந்த இடத்துக்கு மட்டும் நிபந்தனையைத் திருப்பிப் போடலாம். அயலவரின் தூக்கமும் காக்கப்படுகிறது, சின்னக் கச்சேரியும் உயிரோடு இருக்கிறது.

நாங்கள் எழுதிவைத்திருக்கும் கோரிக்கை இதுதான்: 200 பேருக்கு மேற்படாத, இரவு 10 மணிக்கு முன் முடிகிற நிகழ்வுக்கு அனுமதி வேண்டாம், ஏழு நாள் முன் அறிவித்தல் போதும், முறைப்பாடு விசாரித்து உறுதியானால் அந்த ஏற்பாட்டாளர் அடுத்த ஒரு வருடம் பழையபடி அனுமதி எடுக்கவேண்டும், மறுப்பு என்றால் ஐந்து வேலை நாட்களுக்குள் எழுத்தில் காரணம். பாராளுமன்றத்தின் பொது மனுக்கள் குழுவுக்கு இது ஒரு பாராளுமன்ற உறுப்பினர் ஊடாகத்தான் போகமுடியும். கையெழுத்து வாங்கும்போது இசைக்காரரிடம் மட்டும் வாங்கவேண்டாம். மேடைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் பத்துப் பேர் கையெழுத்திட்டால் மனுவின் எடையே வேறு. அவர்களிடம் போகும்போது நிகழ்ச்சி முடியும் நேரத்தையும், சத்தம் கூடினால் அழைக்கவேண்டிய பொறுப்பாளரின் இலக்கத்தையும் ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள்.