90 மி.லி. குறைந்தது நோயாலா, அளவெடுத்த விதத்தாலா?

போன முறை எஃப்இவி1 (முழு மூச்சை இழுத்து ஸ்பைரோமீட்டர் கருவியில் வேகமாக ஊதும்போது முதல் விநாடியில் வெளிவரும் காற்று) 1.42 லிட்டர், இந்த முறை 1.33. ரிப்போர்ட்டைப் பார்த்ததும் சிஓபிடி எனும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவருக்கு வயிற்றைக் கலக்கும். ஆனால் ஒரே நாளில், ஒரே நாற்காலியில் உட்கார்ந்து ஊதினாலே, சிறந்த இரண்டு ஊதல்களுக்கிடையே 150 மி.லி. வரை வித்தியாசம் இருக்கலாம் என்று அமெரிக்க, ஐரோப்பிய நுரையீரல் மருத்துவச் சங்கங்களின் 2019-ஆம் ஆண்டு நெறிமுறையே (ஏடிஎஸ்/இஆர்எஸ்) ஏற்கிறது. ஆரோக்கியமான பெரியவருக்கும் வயதோடு ஆண்டுக்குச் சுமார் 30 மி.லி. குறையத்தான் செய்யும். மூன்று மாத இடைவெளியில் எடுத்த இரண்டே எண்களை வைத்து ‘நுரையீரல் இறங்குகிறது’ என்பது அவசரப் பேச்சு. (மூச்சிரைப்பு கூடியிருந்தால் கதை வேறு. அதற்கு எண்ணுக்காகக் காத்திருக்கக் கூடாது.)

ஒப்பிடும்போது அதிகம் சறுக்குவது இன்ஹேலர் விஷயத்தில். ஒரு முறை மருந்துக்கு முன், மறுமுறை மருந்துக்குப் பின் எடுத்த எண்களை அருகருகே வைத்தால் எந்த அர்த்தமும் இல்லை. மருந்துக்குப் பிந்தைய அளவு என்றால் மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் 400 மைக்ரோகிராம் கொடுத்து 15 நிமிடமாவது காத்திருக்க வேண்டும். மருந்தில்லாத அளவு என்றால் சால்பியூட்டமாலை 4 முதல் 6 மணி நேரம், டியோட்ரோபியம் போன்ற நீண்ட நேரம் வேலை செய்யும் மருந்துகளை 36 முதல் 48 மணி நேரம் நிறுத்தியிருக்க வேண்டும். அதுவும் மருத்துவர் சொன்னால் மட்டும்.

அடுத்தது, பாதியில் விடும் ஊதல். அடைப்புள்ள நுரையீரலில் கடைசிக் காற்று சொட்டுச் சொட்டாகத்தான் வெளியேறும். எஃப்இவி1 1.40 லிட்டர் உள்ள ஒருவர் கடைசிவரை ஊதி எஃப்விசி (ஒரே ஊதலில் வெளிவரும் மொத்தக் காற்று) 2.20 வந்தால், முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்த விகிதம் 0.64. இது 0.70-க்குக் கீழே இருந்தால் அடைப்பு என்பதால், அடைப்பு தெளிவாகத் தெரிகிறது. அவரே ஐந்தாறு விநாடியில் களைத்து நிறுத்தி, எஃப்விசி 1.95-லேயே நின்றால் விகிதம் 0.72. நோய் காகிதத்தில் மறைந்துவிட்டது! அதனால் எண்ணுக்கு முன் வரைகோட்டைப் பாருங்கள்: கடைசி ஒரு விநாடியில் 25 மி.லி.க்கும் குறைவாக வந்து கோடு படுத்திருக்க வேண்டும், அல்லது 15 விநாடி ஊதியிருக்க வேண்டும். கருவியையும் 3 லிட்டர் சிரிஞ்சால் அன்றன்று சரிபார்க்க வேண்டும். 3 சதவீதத்துக்கு மேல் விலகினால் அன்றைய எண்களை நம்ப முடியாது.

ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்று பார்க்கும் பரிசோதனையில் சிக்கல் வேறு மாதிரி. இரண்டாவது முறை நடக்கும்போது பெரும்பாலோர் கூடுதல் தூரம் போய்விடுவார்கள். நோய் குறைந்ததால் அல்ல, பழகிவிட்டதால். இந்தப் பழக்க லாபம் சராசரியாக 26 மீட்டர். மருத்துவ ரீதியாகப் பொருட்படுத்தத்தக்க மாற்றம் என்று கொள்வதோ 30 மீட்டர். இரண்டும் எவ்வளவு நெருக்கம் பாருங்கள். அதனால்தான் ஒவ்வொரு மதிப்பீட்டிலும் அரை மணி ஓய்வு விட்டு இரண்டு முறை நடக்கவைத்து, அதிக தூரத்தைக் குறிக்கிறார்கள். வராந்தாவின் நீளம், ஊக்கச் சொற்கள், கொடுக்கும் ஆக்சிஜனின் அளவு, கைத்தடி எல்லாம் முன்பு இருந்தபடியே இருக்க வேண்டும்.

பல்ஸ் ஆக்சிமீட்டரில் 93-க்கும் 91-க்கும் பெரிய சண்டை வேண்டாம். குளிர்ந்த விரல், நகப்பூச்சு, அசையும் கை போதும், அந்த இரண்டு புள்ளி மாறிவிடும். கருமை நிறத் தோலில் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும் போக்கும் உண்டு. சிஓபிடி அறிகுறிகள் எவ்வளவு தொந்தரவு தருகின்றன என்று கேட்கும் கேட் (CAT) கேள்வித்தாளில் 8 கேள்விகள், 0 முதல் 40 வரை மதிப்பெண். 2 புள்ளி மாறினாலே கவனிக்க வேண்டும் என்பதால், போன முறை நோயாளியே நிரப்பியதை இந்த முறை மகன் நிரப்பக் கூடாது.

ஆய்வுக் கட்டுரைகளில் ‘நம்பகத்தன்மைக் கெழு 0.9’ (1-ஐ நெருங்க நெருங்க அளவீடு நம்பகமானது) என்று பெருமையாகப் போடுவார்கள். நோயாளிகளுக்குள் வேறுபாடு அதிகமாக இருந்தால் அந்தக் கெழு தானாகவே உயரும். யார் மோசம், யார் பரவாயில்லை என்று பிரிக்க அது போதும். ஒரே ஆளிடம் வந்த மாற்றம் உண்மையா என்பதற்கு அளவீட்டின் திட்டப் பிழை (நோய் மாறாமலே திரும்பத் திரும்ப அளந்தால் எண் எவ்வளவு ஏறி இறங்கும் என்பது) வேண்டும். அதை 2.77-ஆல் பெருக்குங்கள். பிழை 60 மி.லி. என்று வைத்துக்கொண்டால் வருவது 166. அதற்குக் கீழே உள்ள வித்தியாசம் வெறும் இரைச்சலாகவும் இருக்கலாம். மேலே சொன்ன 90 அதற்குள்தான் அடங்குகிறது.

ரிப்போர்ட் வாங்கும்போது நான்கு விவரங்கள் எழுதியிருக்கிறதா பாருங்கள்: பரிசோதித்த நேரம், கடைசியாக இன்ஹேலர் எடுத்த நேரம், எந்தக் கருவி, சிறந்த இரண்டு ஊதல்களின் வித்தியாசம். விடுபட்டிருந்தால் பரிசோதனை செய்தவரிடம் அங்கேயே கேட்டு எழுதி வாங்குங்கள். அடுத்த முறை ஒப்பிடுகிறவருக்கு அது வேண்டும்.