ஸ்டாக்ஹோமில் ஒரு பகல்: வாசா கப்பலும் ஒரு டாக்சிக் கட்டணமும்

எங்கள் கப்பல் ஸ்டாக்ஹோமை விட்டுப் புறப்பட்டு இன்னும் இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. எதில் ஏறுவது, எங்கே சாப்பிடுவது, எவ்வளவு செலவாகும் என்று வரிசையாக எழுதித் தருவதாக, அடுத்த கோடையில் இதே பால்டிக் பயணத்துக்குக் கிளம்பவிருக்கும் என் தங்கை குடும்பத்தாரிடம் சொல்லியிருந்தேன். வாசாவைப் பார்த்துவிட்டு வந்த பிறகு அந்த வரிசைப்படி எழுத மனம் வரவில்லை. அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றவற்றுக்கு வர வேண்டும்.

சுவீடன் அரசர் இரண்டாம் குஸ்தாவ் அடோல்ஃபின் ஆணைப்படி கட்டப்பட்ட போர்க்கப்பல் வாசா. 1628 ஆகஸ்ட் 10 அன்று முதன்முதலாகப் பாய் விரித்துக் கிளம்பிய அது, ஏறத்தாழ 1,300 மீட்டர் தூரம் போவதற்குள், வழியனுப்ப வந்து கரையில் நின்ற மக்களின் கண்ணெதிரே ஒரு பக்கமாகச் சாய்ந்து மூழ்கிவிட்டது. சுமார் 30 பேர் இறந்தார்கள். பீரங்கிகளுக்கென்றே இரண்டு அடுக்குகள் வைத்து மொத்தம் 64 பீரங்கிகளை ஏற்றியதில், அடியில் போட்ட பாரம் நிமிர்த்திப் பிடிக்க முடியாத அளவுக்கு மேற்பகுதி கனத்துப் போயிருந்தது. காற்று ஒருமுறை பலமாக வீசியதும் கப்பல் சாய, திறந்திருந்த கீழ்வரிசைப் பீரங்கித் துளைகள் வழியே நீர் உள்ளே புகுந்துவிட்டது. அதற்கு முன்பே 30 பேரை மேல்தளத்தில் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்குமாக ஓடவிட்டுச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மூன்றாவது ஓட்டத்திலேயே கப்பல் ஆடிய ஆட்டத்தைக் கண்டு சோதனையை நிறுத்திவிட்டு, புறப்பாட்டை மட்டும் நிறுத்தாமல் விட்டுவிட்டார்கள் என்பதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

1961 ஏப்ரல் 24 அன்று, 333 ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் கப்பலை மேலே கொண்டுவந்தார்கள். பால்டிக் கடலில் உப்பு குறைவு என்பதால் மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பல் புழு அங்கே வாழ்வதில்லை. ஓக் மரம் அப்படியே கிடைத்ததற்கு அதுவே பெரிய காரணம். ஈரம் காய்ந்தால் மரம் சுருங்கி வெடித்துவிடும் என்பதற்காக, பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகு போன்ற பொருளை நீரில் கரைத்து 17 ஆண்டுகள் அதன்மேல் தெளித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். இன்று நாம் காணும் கப்பலில் 98 சதவீதம் அசல் மரம்.

அருங்காட்சியகக் கதவைத் தாண்டி அந்த மங்கலான வெளிச்சத்துக்குள் நுழைந்ததும், 69 மீட்டர் நீளத்தில் கன்னங்கரிய மலை ஒன்று தலைக்கு மேலே நிற்பது போல இருந்தது. என் மனைவி பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார். மேல்மாடத்தில் ஏறி நின்றால் பீரங்கித் துளைகளின் மூடிகள் கண்ணுக்கு நேரே வருகின்றன. திறந்து தூக்கியிருக்கும் ஒவ்வொரு மூடியின் உட்புறத்திலும் வாய் பிளந்த ஒரு சிங்க முகம். சில முகங்களில் பிடரி மயிரின் சுருள் உளி பட்ட தடத்தோடு இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. மூடி திறந்தால் மட்டுமே எதிரிக்குத் தெரிய வேண்டிய அந்த முகங்களை ஒரு போரும் காணவில்லை. கீழ்த்தளத்தில் கப்பலோடு மாண்டவர்களின் எலும்புக்கூடுகளும் காலணிகளும் இருக்கின்றன. அங்கே சற்று நேரம் அமைதியாக நில்லுங்கள். நுழைவுச்சீட்டுக்கு நாங்கள் கொடுத்தது ஏறத்தாழ 200 குரோனர். ஒரு குரோனர் நம் காசில் எட்டு ஒன்பது ரூபாய் என்று பெருக்கிப் பார்த்தால் நெஞ்சு பதறும். ஆனால் இந்தப் பயணத்தில் நாங்கள் செலவழித்த பணத்தில் மிகவும் தகுந்த செலவு இதுதான். பதினெட்டு வயது வரை கட்டணமே கிடையாது என்பதால் பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள்.

இப்போது டாக்சி. கப்பல் ஸ்டாட்ஸ்கோர்டன் துறையில் நின்றது. வாயிலில் காத்திருந்த வண்டியில் ஏறி, ஐந்து கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்துக்கு 520 குரோனர், அதாவது நாலாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்தோம். சுவீடனில் டாக்சிக் கட்டணத்துக்கு அரசு உச்சவரம்பு கிடையாது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு வண்டியின் கண்ணாடியிலும் ஓர் அட்டை ஒட்டியிருக்கும். பத்துக் கிலோமீட்டர், பதினைந்து நிமிடப் பயணத்துக்கு அந்த வண்டி எவ்வளவு வாங்கும் என்ற ஒப்பீட்டு விலை அதில் பெரிய எழுத்தில் இருக்கும். எங்கள் வண்டியின் ஒப்பீட்டு விலை, பின்னால் நின்ற வண்டியின் விலையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு என்பதை இறங்கிய பிறகுதான் கவனித்தோம். ஓட்டுநர் விலையைத் தானாகச் சொல்லவில்லை. கேட்டதற்கும் "மீட்டர்படி" என்றதோடு சரி. ஊருக்குப் புதிதாக வந்தவரிடம் இப்படி நடந்துகொள்வது நேர்மையல்ல. வரிசையில் முதலில் நிற்கும் வண்டியில்தான் ஏற வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அட்டையைப் படித்துவிட்டு ஏறுங்கள்.

டாக்சியே தேவையில்லை என்பது திரும்பும்போதுதான் தெரிந்தது. வாசா இருக்கும் யூர்கோர்டன் தீவிலிருந்து, எங்கள் கப்பலுக்கு நடந்தே போகக்கூடிய ஸ்லுசன் துறைக்கு நகரப் போக்குவரத்தின் படகு ஒன்று ஓடுகிறது. பத்து நிமிடம் போலத்தான் ஆகிறது. பேருந்துக்கும் மெட்ரோவுக்கும் வாங்கும் அதே சீட்டு இதற்கும் செல்லும். விலை 40 குரோனரைச் சற்றே தாண்டும், 75 நிமிடங்களுக்குச் செல்லுபடியாகும். வங்கி அட்டையைத் தொட்டால் போதும்; பேருந்துகளில் ரொக்கம் வாங்குவதே இல்லை என்பதால் நாங்கள் மாற்றி வைத்திருந்த நோட்டுகள் பெரும்பாலும் பையிலேயே இருந்தன.

ஸ்லுசனில் ஒரு சிறு கடையில் ஸ்ட்ரோமிங் சாப்பிட்டோம். நம் மத்தியை ஒத்த சிறிய பால்டிக் மீன். முள்ளெடுத்து விரித்து, கோதுமை போன்ற ரை தானிய மாவில் புரட்டி, சுடச்சுடப் பொரித்து, மசித்த உருளைக்கிழங்கோடும் லிங்கன் பழக் கூழோடும் தருகிறார்கள். மீனோடு பழக் கூழா என்று தயங்கினேன். முதல் வாயிலேயே தயக்கம் போய்விட்டது: மீனின் மொறுமொறுப்புக்கும் எண்ணெய்க்கும் அந்தப் புளிப்பு, நம் வறுத்த மீனுக்கு எலுமிச்சை போல அமைந்திருந்தது. குழாய்த் தண்ணீரே அருமையாக இருப்பதால் போத்தல் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள்.

பழைய நகரமான கம்லா ஸ்தானுக்கு ஒன்றரை மணி நேரமே மிஞ்சியது. கடைத்தெரு நெரிசலும் நினைவுப் பொருள்களின் விலையும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மோர்டன் ட்ரோட்சிக் என்ற குறுகிய சந்து ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். மிகக் குறுகிய இடத்தில் 90 சென்டிமீட்டர் அகலமே உள்ள அந்தப் படிக்கட்டுச் சந்தில் இரண்டு கைகளையும் நீட்டவே முடியாது. எதிரே ஒருவர் வந்தால் நாம் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். நகர மன்றத்தைப் பார்க்க நேரமில்லாமல் போனதில் எனக்குக் குறை உண்டு.

அங்கிருந்து கரையோரமாகவே நடந்து கப்பலுக்கு வந்துவிட்டோம். கயிறு அவிழ்த்துக் கப்பல் நகர்ந்தபோது இருவரும் மேல்தளத்தில் நின்றோம். "என்னங்க, அது மூழ்கின இடம் எது?" என்று மனைவி கேட்டார். அருங்காட்சியக வரைபடத்தில் பார்த்த பெக்ஹோல்மன் தீவைத் தேடிக் காட்டினேன். கரையில் இருப்பவர்களின் சட்டை நிறம்கூடத் தெரிகிற தூரம்தான் அது.