மூன்று வருஷம் நம் கையில் இருக்கிறது

ஜூன் மாதம் ஸ்போர்ட்ஸ் கோட்டா செலக்‌ஷன் நடக்கும்போது மதுரையில் எந்தக் கல்லூரி மைதானத்துக்குப் போனாலும் ஒரே பேச்சுதான். "ஆறடி நாலு அங்குலத்துல ஒரு பையன் இருந்தா போதும் சார், நாம ஜெயிச்சுரலாம்." நான் படித்த காலத்திலும் இதைத்தான் சொன்னார்கள். இப்போது ரயில்வே வேலை முடிந்ததும் சாயங்காலம் போய் அதே கல்லூரிப் பையன்களுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். இன்னும் அதே பேச்சு.

அந்த ஆறடி நாலு அங்குலம் மதுரையில் தங்குவதில்லை. பிளஸ் டூ ரிசல்ட் வருவதற்கு முன்பே சென்னையிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ போன் வந்துவிடும். ஃபீஸ் கிடையாது, ஹாஸ்டல், சாப்பாடு, ஷூ எல்லாம் அவர்கள் பொறுப்பு. மேலூர்ப் பக்கத்துப் பையன் ஒருவனை எப்படியாவது நிறுத்திவைக்கலாம் என்று வீட்டுக்கே போனேன். அவன் அப்பா மரியாதையாக உட்காரவைத்துக் காபி கொடுத்துவிட்டு, "அங்க போனா பேங்க்ல, ரயில்வேல வேலைக்கு வழி உண்டுல்ல சார்?" என்று கேட்டார். உண்டு. நானே அப்படி வேலைக்கு வந்தவன்தான். அந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு இல்லை என்று எப்படிச் சொல்வது?

அதனால், நல்ல ஆட்களைப் பிடிப்பதா, இருக்கிற ஆட்களுக்கு ஒரு ஆட்டமுறையைப் பழக்குவதா என்ற கேள்வி எங்களுக்குப் பொழுதுபோக்கு விவாதம் அல்ல. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் இதே கேள்விக்குப் பல பத்தாண்டுகளாக விடை தேடிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே நடந்ததைப் பார்த்துத்தான் எனக்கு ஒரு தெளிவு வந்தது.

ஆள் பிடிப்பதில் பயிற்சியாளர் ஜான் கலிபாரியை மிஞ்ச ஆள் கிடையாது. 2012-ல் கென்டக்கி பல்கலைக்கழகத்துக்கு அவர் சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்த அணியிலிருந்து ஆறு பேர் அந்த ஆண்டே அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வுக்குத் தேர்வானார்கள். முதல் இடம் ஆன்டனி டேவிஸ், இரண்டாம் இடம் மைக்கேல் கிட்-கில்கிறிஸ்ட். இருவரும் முதலாம் ஆண்டு மாணவர்கள். 2015-ல் அவருடைய இன்னொரு அணி தொடர்ந்து 38 ஆட்டங்கள் ஜெயித்தது. தேசியப் போட்டியின் அரையிறுதியில் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் வந்து 71-64 என்று நிறுத்தியது. விஸ்கான்சினின் பெரிய ஆள் ஃபிராங்க் கமின்ஸ்கி. முதல் வருஷத்தில் ஒரு ஆட்டத்துக்குச் சராசரியாக 1.8 புள்ளிதான் போட்டவர், நான்காம் வருஷத்தில் நாட்டின் சிறந்த கல்லூரி வீரர். பயிற்சியாளர் போ ரயன் எல்லோரையும் எல்லா இடத்திலும் சுழற்றி ஆடவைக்கும் ஒரு முறையை வைத்திருந்தார். கமின்ஸ்கி அதில் ஊறி வளர்ந்தவர்.

இதோடு நிறுத்தினால் ஆட்டமுறைதான் பெரிது என்று சொல்லிவிடலாம். ஆனால் அடுத்து நடந்த இறுதி ஆட்டத்தில் அதே விஸ்கான்சின் ட்யூக் பல்கலைக்கழகத்திடம் 68-63 என்று தோற்றது. ட்யூக்கின் 68 புள்ளிகளில் 60 புள்ளிகளைப் போட்டது நான்கு முதலாம் ஆண்டுப் பையன்கள். அவர்களில் மூவர் அந்த ஒரு வருஷத்தோடு என்.பி.ஏ.வுக்குப் போய்விட்டார்கள். திறமைக்கு முன்னால் ஆட்டமுறை எப்போதும் ஜெயிக்கும் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எனக்கு மனதுக்கு நெருக்கமானது வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் கதை. பயிற்சியாளர் டோனி பென்னட். அவருடைய அப்பா டிக் பென்னட் உருவாக்கிய 'பேக் லைன்' டிஃபென்ஸைத்தான் அவரும் ஆடினார். மூன்று புள்ளிக் கோட்டுக்கு உள்ளே இன்னொரு வளைவுக் கோடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பந்து வைத்திருப்பவனை ஒருவன் நெருக்கிப் பிடிப்பான். மற்ற நால்வரும் தங்கள் ஆள் வெளியே நின்றாலும் அந்தக் கோட்டுக்குள்தான் நிற்பார்கள். எவன் பந்தைத் தட்டிக்கொண்டு உள்ளே புகுந்து வந்தாலும் இரண்டு பேர் தோளில் முட்டுவான். பந்து வெளியே போனால், பந்து காற்றில் இருக்கும்போதே தன் ஆளை நோக்கி ஓடி, கடைசி இரண்டு எட்டில் கால்களைச் சிறிதாக்கி, கையை உயர்த்திக்கொண்டு நிற்க வேண்டும். இந்த க்ளோஸ்-அவுட் தப்பினால் மொத்தமும் போச்சு. ஐந்து பேரும் ஒரே நேரத்தில் நகர வேண்டும் என்பதால் இது ஒரு மாதத்தில் வருகிற வித்தை இல்லை.

2018 தேசியப் போட்டியில் இந்த அணிதான் தன் பிரிவில் முதல் தரவரிசை பெற்று, 16-ஆம் தரவரிசையில் இருந்த யு.எம்.பி.சி. என்ற பல்கலைக்கழக அணியிடம் 74-54 என்று தோற்றது. ஆண்கள் போட்டியில் அதுவரை முதல் தரவரிசை அணிகள் 16-ஆம் தரவரிசை அணிகளோடு மோதிய 135 முறையும் ஜெயித்திருந்தன. தோற்ற முதல் அணி வர்ஜீனியா. மணிக்கட்டு உடைந்ததால் வர்ஜீனியா வீரர் டிஆண்ட்ரே ஹன்ட்டர் அந்தத் தொடரில் ஆடவில்லை. பென்னட் முறையை மாற்றவில்லை. அடுத்த வருஷம் இறுதி ஆட்டத்தில் டெக்சஸ் டெக்கைக் கூடுதல் நேரத்தில் 85-77 என்று வென்று கோப்பையை எடுத்தார்கள். ஹன்ட்டர் 27 புள்ளி, கைல் கை 24, டை ஜெரோம் 16. முழு ஆட்டமும் யூடியூபில் இருக்கிறது, பாருங்கள். மூவருமே 2016-ல் ஒன்றாகச் சேர்ந்தவர்கள், ஒரே கூரையின் கீழ் மூன்றாவது வருஷம். சொல்ல வேண்டியது இன்னொன்றும் உண்டு. அந்த மூவரும் போன பிறகு, அதே பென்னட், அதே பேக் லைன், ஆனால் தேசியப் போட்டியில் அவர் அணி ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை.

இதைப் பார்த்துவிட்டு எங்கள் கோர்ட்டில் சாக்பீஸால் ஒரு வளைவுக் கோடு போட்டேன். "சார், இது அமெரிக்காக்காரன் ஆடுறது, நமக்கு எதுக்கு சார்?" என்றான் கேப்டன். நியாயமான கேள்வி. நமக்குத்தான் இது அதிகம் பொருந்தும் என்று அவனுக்குச் சொன்ன பதிலை இங்கேயும் சொல்கிறேன். நம்முடையது திறந்தவெளி சிமென்ட் கோர்ட். சாயங்காலம் காற்று அடிக்கும், ரிங் கல் மாதிரி இருக்கும். வெளியிலிருந்து போடுகிற பந்து அவ்வளவு சுலபத்தில் விழாது. இங்கே எல்லா அணியும் புள்ளி எடுப்பது உள்ளே புகுந்து லே-அப் போட்டுத்தான். உள்ளே அடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. உயரம் இல்லாத அணிக்கு ரீபவுண்டும் (விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பதும்) சுலபம், எல்லோரும் ஏற்கெனவே கூடைப் பக்கம்தானே நிற்கிறார்கள்.

அப்படியே நகலெடுக்கவும் முடியாது. அங்கே தாக்குதலுக்கு 30 நொடி, நமக்கு 24. வர்ஜீனியா நிதானமாகப் பந்தைச் சுற்றவிட்டு ஆடும் ஆட்டத்தை இங்கே ஆடினால் நேரம் முடிந்துவிடும். அதனால் டிஃபென்ஸை மட்டும் எடுத்துக்கொண்டோம். அப்புறம், மரத்தளம் போட்ட உள்ளரங்கில் நல்ல ஷூட்டர்கள் உள்ள அணியோடு ஆடினால் இந்த முறைக்கு வலிக்கும். சென்னை அணி ஒன்றிடம் முதல் குவார்ட்டரிலேயே எங்களுக்கு அது நடந்தது. அன்றைக்குக் கோட்டை இரண்டடி வெளியே தள்ளச் சொன்னேன். தோற்றோம், ஆனால் மூன்றாம் வருஷப் பையன்கள் சொன்ன அடுத்த நிமிஷமே தள்ளிக் காட்டினார்கள். முதல் வருஷப் பையன்களுக்கு நான் சொன்னதே புரியவில்லை. நான் சொல்ல வருவது இந்த வித்தியாசத்தைத்தான்.

2021-லிருந்து அமெரிக்காவில் கல்லூரி வீரர்கள் விளம்பரத்தில் சம்பாதிக்கலாம், ஒரு வருஷம் வெளியே உட்காராமலே வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறலாம். உழைக்கிற பையனுக்குப் பணம் கிடைப்பது நல்லதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் பயிற்சியாளருக்கு ஒவ்வொரு வருஷமும் புது அணி. பென்னட் 2024 அக்டோபரில், சீசன் தொடங்கச் சில வாரங்களே இருக்கும்போது, இந்தச் சூழலுக்குத் தான் ஏற்றவன் இல்லை என்று சொல்லி விலகிவிட்டார். தேசிய சாம்பியன், வயது 55.

அவர்களிடம் இப்போது இல்லாத பொருள் நம்மிடம் இருக்கிறது. பி.காம். சேர்ந்த பையன் ஆறு செமஸ்டர் நம்மிடம்தான் இருப்பான், நடுவில் எங்கேயும் போக மாட்டான். உசிலம்பட்டியிலிருந்து காலை பஸ் பிடித்து ஆரப்பாளையத்தில் இறங்கிப் பயிற்சிக்கு வருகிறவனை மூன்று வருஷம் தினமும் பார்க்கலாம். ஆனால் நாம் என்ன செய்கிறோம்? ஜூனில் உயரம் அளந்து எடுக்கிறோம். முதல் வருஷம் அவனுக்குப் பந்து பொறுக்குகிற வேலை. மூன்றாம் வருஷம் அரியர், பார்ட் டைம் வேலை என்று அவனே நின்றுவிடுகிறான். ஆக, நடுவில் கிடைக்கிற ஒரு வருஷம்தான் கணக்கு. அப்புறம் ஆள் இல்லை, ஆள் இல்லை என்று புலம்பல்.

எங்கள் பி.டி. சாரிடம் இந்த வருஷ செலக்‌ஷனுக்கு இரண்டு விஷயம் கேட்டிருக்கிறேன். உயரத்தையும் சான்றிதழையும் பாருங்கள், கூடவே மூன்றுக்கு மூன்று ஆடவிட்டு, பந்து தன்னிடம் இல்லாதபோது பையன் என்ன செய்கிறான் என்று பாருங்கள். திரும்பி ஓடுகிறவன், பேசுகிறவன், பக்கத்தில் இருப்பவனுக்கு உதவிக்கு நகர்கிறவன் ஐந்தடி எட்டு அங்குலமாக இருந்தாலும் எடுங்கள். இரண்டாவது விஷயம்: மூன்றாம் வருஷப் பையன்களுக்குக் காலை ஆறு மணிப் பயிற்சி கட்டாயம் வேண்டாம், வேலைக்குப் போகிறவனுக்கு அது முடியாது. வாரத்தில் இரண்டு சாயங்காலம் வந்து முதல் வருஷப் பையன்களுக்கு க்ளோஸ்-அவுட் சொல்லிக்கொடுத்தால் போதும். முதல் கோரிக்கைக்குச் சரி என்றுவிட்டார். இரண்டாவதற்கு முதல்வரிடம் பேச வேண்டுமாம். அடுத்த வாரம் நானும் கூடப் போகிறேன்.