ரயருக்குள்ளே ஒரு சென்சர்

சில்லுக்குள் இருந்து ரயரின் காற்றழுத்தத்தை அளந்து ரேடியோவில் வாகனத்துக்குச் சொல்லும் சென்சரைப் பற்றியது இது. அதன் எச்சரிக்கையான, ஆச்சரியக்குறி போட்ட மஞ்சள் லைற் எரிந்தால், கொழும்புக் கொம்பனிக் கராஜுக்கு ஓடமுதல் அது எப்படி எரிகிறது என்று பாருங்கள். சாவி போட்டதும் ஒன்று, ஒன்றரை நிமிடம் மின்னிவிட்டு நிலையாக நின்றால் கோளாறு சென்சரில் அல்லது சிக்னலில். மின்னாமல் நேராக எரிந்தால் காற்றுத்தான் குறைவு.

மத்தியான வெயிலில் ஏ9இல் ஓடிவந்த சூட்டோடு 32 பிஎஸ்ஐ அடித்தால், விடியப் பார்க்க 28 அளவில்தான் நிற்கும். கதவுத்தூணில் ஒட்டியிருக்கிற அளவு ஆறின ரயருக்கானது.

சில வாகனங்களில் சில்லுக்குள் சென்சரே கிடையாது. காற்று இறங்கிய சில்லு மற்றதை விட வேகமாகச் சுற்றுவதை ஏபிஎஸ் பிரேக்கின் சில்லுவேக அளவை வைத்து வாகனம் கண்டுபிடிக்கும். அதற்கு நாலு ரயரும் சரியாக அடித்து, செற் பட்டனை அழுத்தினால் போதும். ரப்பர் வால்வு என்றால் சென்சர் இல்லை என்று நம்பிவிடாதீர்கள். ரப்பர் வால்வோடு வரும் சென்சரும் உண்டு.

சென்சர் பெரும்பாலும் தானாகச் சாவதில்லை, ரயர் கழற்றும்போது நாங்கள்தான் கொல்கிறோம். ரயரின் ஓரத்தை ரிம்மிலிருந்து பிரிக்கும் மெசின் தகடு வால்வுக்கு நேரெதிர்ப் பக்கம் விழவேண்டும். மாங்குளத்தில் தெருவோரம் இரண்டு லீவரோடு கழற்றினாலும் அதே கதைதான்: வால்வுக்கு ஒரு சாண் கிட்டவும் லீவர் போகக்கூடாது. ஓட்டையை உள்ளிருந்து அடைக்கும் பஞ்சர் தண்ணீர் ஊற்றியிருந்தால் சென்சரின் காற்றுத் துளை அடைபடும். கிரவல் ரோட்டுக்காரர் அதை விரும்பி ஊற்றுவார்கள், பிறகு சென்சரைத் திட்டுவார்கள்.

ரயர் கழற்றும் ஒவ்வொரு முறையும் வால்வின் ரப்பர் வளையம், நட், உள் ஊசி, மூடி நாலையும் மாற்றுங்கள். ஒழுகுகிறதென்று பழைய நட்டை இறுக்கினால் ரப்பர் பிதுங்கும், அலுமினியத் தண்டு வெடிக்கும். நட்டுக்குச் சாதாரணமாக 4 முதல் 8 நியூட்டன் மீட்டர். சென்சரோடு வரும் தாளில் உள்ளதே சரியான கணக்கு. அலுமினியத் தண்டுக்குள் நிக்கல் பூசிய ஊசிதான் போடவேண்டும். வெறும் பித்தளை ஊசியும் பித்தளை மூடியும் முல்லைத்தீவுக் கரை உப்புக்காற்றில் அரித்து ஒட்டிக்கொள்ளும். பிறகு கழற்றினால் தண்டும் சேர்ந்து முறியும்.

பற்றரி 5 முதல் 10 வருடம் நிற்கும். அதைச் சென்சருக்குள் வைத்து நிரந்தரமாக மூடித்தான் விடுகிறார்கள். வெட்டி ஈயம் வைத்துப் புதுசு போடுவதை நான் சொல்லமாட்டேன், தண்ணீர் புகும், பாரமும் மாறும். ஒன்று போனால் மற்ற மூன்றும் வரிசையில் நிற்கின்றன என்று எண்ணுங்கள்.

வாங்கும்போது அலைவரிசை முக்கியம். ஜப்பானிலிருந்து இறங்கிய வாகனங்களுக்குப் பெரும்பாலும் 315 மெகாஹேர்ட்ஸ், ஐரோப்பியத்துக்கு 433.92. மாறிப்போனால் வாகனம் அதைக் கேட்கவே கேட்காது. ரயரைக் கழற்றமுதல் 125 கிலோஹேர்ட்ஸில் சென்சரை எழுப்பும் கைக்கருவியை வால்வடியில் பிடித்து, நாலு சென்சரின் அடையாள இலக்கத்தையும் எழுதி வையுங்கள். எழுதக்கூடிய வெறும் சென்சரில் பழைய இலக்கத்தையே ஏற்றினால் வாகனத்தில் எதையும் தொடத் தேவையில்லை. பற்றரி செத்த சென்சர் கருவிக்குப் பதில் சொல்லாது. ரயரைக் கழற்றி அதன் உடம்பில் அச்சிட்டிருக்கிறதைப் பார்த்து எழுதவேண்டியதுதான்.

பூட்டிய பிறகு நட்டடியில் சவர்க்காரத் தண்ணீர் பூசிப் பாருங்கள். குமிழ் வராவிட்டால் கிளிநொச்சியிலிருந்து பரந்தன் வரை ஓட்டினால் சில வாகனங்கள் சென்சரின் சிக்னலைப் பிடித்துக்கொள்ளும், சிலதுக்கு இருபது நிமிடம் வேண்டும்.